ஒரு பெயர் ஒரு தடவை

அந்த போனை மேசையிலேயே வைத்துவிடுங்கள், டீச்சர். கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. கல்லூரியில் பாடம் எடுப்பவரை டீச்சர் என்று கூப்பிடக் கூடாதாம், அமலன் ஒருநாள் திருத்தினான். எழுபத்தாறு வயதில் எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

பொன்விழா மலருக்கு நினைவுகள் வேண்டும் என்றீர்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். புனித கஸ்பார் கல்லூரி ஆரம்பித்த மறு வருஷம் கிளார்க்காகச் சேர்ந்தேன், சூப்பரின்டெண்டாக வெளியே வந்தேன். முப்பத்தொரு வருஷம். அதில் இருபத்திரண்டு வருஷம் பழைய மாணவர் சங்கத்துக்கும் நான்தான் செயலாளர். பிரின்சிபால்கள் எட்டுப் பேர் மாறினார்கள். சந்தியாகு மாறவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அமலன் செயலாளர். நல்ல பையன்தான். இயற்பியல், தொண்ணூற்றாறு – தொண்ணூற்றொன்பது வகுப்பு. என் மகன் செலஸ்டினோடு ஹாஸ்டலில் ஒரே அறை. உள்ளூரில் வீடு இருந்தும் செலஸ்டின் ஹாஸ்டலில்தான் இருந்தான். வீட்டில் படிப்பு ஓடாது என்று சொன்னான். நானும் விட்டுவிட்டேன். அந்த அமலன்தான் இந்த வருஷம் எனக்கு இப்படிச் செய்தான். அதைச் சொல்ல வேண்டும். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

நீங்கள் புதிது. போன சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள், பார்த்தேன். அதனால் சிற்றாலயத்தில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. முதலில் இருந்து சொல்கிறேன்.

நவம்பர் மாதம் முதல் சனிக்கிழமை பழைய மாணவர் கூடுகை. காலையில் திருப்பலி. மரித்த மாணவர்களின் பெயர்களைச் செயலாளர் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பார். வகுப்பு வகுப்பாக. ஒரு பெயர் வந்ததும் அந்த வகுப்புக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ஒருவர் போய் மெழுகுவர்த்தி ஏற்றி மணல் தட்டில் வைப்பார். உட்காருவார்கள். அடுத்த பெயர். வேறு எந்தக் கல்லூரியிலும் இப்படி இல்லை. நான் ஆரம்பித்தது.

முதலில் எல்லாப் பெயரையும் எல்லா வருஷமும் வாசித்தோம். தொண்ணூற்றைந்தில் எண்பத்தேழு பெயர் சேர்ந்துவிட்டது. எண்பத்தேழு தடவை எழுந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? பிரியாணி ஆறிப்போய்விட்டது என்று சண்டை. அப்போதுதான் விதியைக் கொண்டுவந்தேன். இறந்த வருஷத்தில் மட்டும் வாசிப்பது. பிறகு பெயர் ஏட்டில் ஏறிவிடும், தேதி போட்டு. ஒரு பெயர் ஒரு தடவை. யாருக்கும் விலக்கு கிடையாது.

கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்தார், தொண்ணூற்றேழு இருக்கும். மகன் வள்ளம் கவிழ்ந்து போனவன். முந்தின வருஷம் வாசித்திருந்தோம். "இந்த வருசமும் ஒருக்கா வாசிங்க சார், அவுக அம்மா வந்திருக்கா, போன வருசம் அவளால வர முடியல" என்றார். விதியைச் சொன்னேன். மணல் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். புரிந்துகொண்டார். பண்பான மனிதர். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிற காலம் அது.

தவறே நடந்ததில்லை என்று சொல்ல மாட்டேன். வரலாற்றுத் துறை ஸ்தனிஸ்லாஸ் மைசூரில் இறந்துவிட்டதாக யாரோ கடிதம் போட்டார்கள். வாசித்துவிட்டேன். வகுப்பு எழுந்து நின்றது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "உள்ளேன் ஐயா" என்றது. அவனேதான். கோயில் என்றும் பார்க்காமல் எல்லாரும் சிரித்தார்கள். ஃபாதர் கூடச் சிரித்தார். அன்று மத்தியானமே ஏட்டில் சிவப்பு மையால் அடித்து, "பிழை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். இதை மலரில் போடுங்கள். நல்ல துணுக்கு.

செலஸ்டின் விஷயத்துக்கு வருகிறேன்.

அவன் எங்களுக்கு ஒரே பிள்ளை. எம்.எஸ்ஸி. முடித்ததும் நம் கல்லூரியிலேயே விரிவுரையாளர் வேலை. நான் யாரிடமும் போய் நிற்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான். மூன்று வருஷம் பாடம் எடுத்தான். அப்புறம் ஜெசிந்தாவைக் கல்யாணம் செய்யப்போகிறேன் என்றான்.

ஜெசிந்தா அவன் வகுப்புதான். பெண் பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்து இரண்டாவது வருஷம் வந்தவள். நன்றாகப் படிப்பாள். நம் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்கின சலேத்மேரியின் மகள். கட்டணச் சலுகைக்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்தான், டீச்சர். நான் வித்தியாசம் பார்க்கிறவன் இல்லை. சலேத்மேரி எங்கள் வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாக வந்து எத்தனை தடவை சாப்பிட்டிருக்கிறாள். அவர்களும் நம் கோயில்தான், நம் பங்குதான். எல்லாம் சரி. ஆனால் கல்யாணம் வேறு இல்லையா?

கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். என் மகன் பெயரையும் சலேத்மேரி மகள் பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன்.

"என்ன தடை, சந்தியாகு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாததா, சாமி" என்றேன்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு ஓலை வாசிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. இவர்கள் இரண்டு பேரும் ஓசூருக்குப் போய், ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிவிட்டார்கள். செலஸ்டின் வேலையை விட்டுவிட்டு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். கோயிலில் செய்யாத கல்யாணம் கல்யாணமா, நீங்களே சொல்லுங்கள். அதைத்தான் நான் எல்லாரிடமும் சொன்னேன். கோயிலில் செய்யவில்லையே என்றுதான்.

அது இரண்டாயிரத்து நாலு, மே மாதம். அந்த நவம்பரில் பட்டியலை டைப் அடித்தேன். வியாழக்கிழமை, நாலு மணி. டீ வந்திருந்தது. அந்த வருஷம் ஒன்பது பெயர். ஒவ்வொன்றுக்கும் கடிதமோ, பத்திரிகை நறுக்கோ இணைத்திருந்தேன். பத்தாவதாக ஒரு பெயரை டைப் அடித்தேன். செலஸ்டின், இயற்பியல், தொண்ணூற்றாறு – தொண்ணூற்றொன்பது. அதற்கு இணைப்பு இல்லை.

கவனக்குறைவுதான். வேறென்ன சொல்வது. வேலை அதிகம்.

சனிக்கிழமை வாசித்தேன். நிறுத்தி, தெளிவாகத்தான் வாசித்தேன். என் வாசிப்பை யாரும் குறை சொன்னதில்லை. அந்த வகுப்பிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எழுந்து நிற்கவே அவர்களுக்கு நேரமாயிற்று. ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அமலன் மெழுகுவர்த்தி ஏற்றப் போனான். திரி பற்றவில்லை. நாலு குச்சி கிழித்தான். நான் பொறுத்திருந்துவிட்டு அடுத்த பெயரை வாசித்தேன்.

வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன சார், எப்ப சார், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே சார்." அமலன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தேம்பினான். "எங்க வச்சு சார்?" என்று கேட்டான்.

"ஓசூரில்" என்றேன்.

அது பொய் இல்லை, டீச்சர். அவன் ஓசூரில்தான் இருந்தான்.

அப்போது எல்லார் கையிலும் செல்போன் கிடையாது. இவனும் யாருக்கும் முகவரி கொடுக்காமல் போயிருந்தான். அதனால் அப்படியே நின்றுவிட்டது. நானே ஒருநாள் ஆற அமரச் சொல்லித் திருத்தியிருப்பேன். அதற்குள் இவர்களுக்கு அவசரம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அமலனும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். பிரிவு உபசாரத்தில் எடுத்த படத்திலிருந்து செலஸ்டின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சந்தன மாலை போட்டு.

என் மனைவி மதலேன் கதவைத் திறந்தாள். நான் உள்ளே ஷேவ் செய்துகொண்டிருந்தேன். குரல் கேட்டது.

"வாங்கப்பா, வாங்க. செலஸ்டினைத் தேடியா வந்திய? அவன் இங்க இல்லியே. ஓசூர்ல இருக்கான். புதன்கிழமைகூட லெட்டர் வந்துச்சு."

எனக்கு அதுவே புதுச் செய்தி. அவள் தங்கை வீட்டு முகவரிக்குக் கடிதம் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஆறு மாதமாக. என்னிடம் மறைத்து. இதை யாரும் பேசுவதில்லை, கவனித்தீர்களா?

பாதி முகத்தில் சோப்போடு வந்து நின்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மதலேன் படத்தைப் பார்த்தாள்.

"இது என்னப்பா, மாலை?"

அமலன்தான், "காலேஜ்ல பேர் வாசிச்சாங்கம்மா" என்றான்.

"யாரு வாசிச்சது?"

அமலன் என் பக்கம் திரும்பினான்.

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும். அவள் மாலையைக் கழற்றி அமலன் கையில் கொடுத்தாள். "படம் நல்லாருக்கு. இது இருக்கட்டும்" என்று உள்ளே கொண்டுபோய் வைத்தாள். காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். மூன்று தம்ளர். அவர்கள் சூடாகக் குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் மதலேன், "அந்தப் பேரை அடிச்சிட்டு வாங்க" என்றாள்.

அடிக்கலாம்தான். ஆனால் ஆவணம் என்றால் அதில் அடித்தல் திருத்தல் கூடாது. அது என் கொள்கை. ஸ்தனிஸ்லாஸ் விஷயம் வேறு. அவன் நேரில் வந்து நின்றான். பிழை எழுதியது மைசூர்க்காரன், நான் அடித்தேன். இதை அடித்தால் பக்கத்தில் என்ன எழுதுவது? யார் தகவல் தந்தது என்று எழுதுவது? நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்தேன். ஏப்ரலில் ஓய்வு பெற்றேன். ஏட்டை ஒப்படைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மதலேன் சாப்பாடு, மருந்து, கரண்டு கட்டணம் என்று மட்டும் பேசுவாள். நவம்பர் பிறந்தால் ஒரு தடவை, "அடிச்சிட்டு வாங்க" என்பாள். ஆறு வருஷம் சொன்னாள். ஏழாவது வருஷம் சொல்லவில்லை. மனம் ஆறிவிட்டது என்று நினைத்தேன். அந்த மாதமே போய்விட்டாள்.

அவள் அடக்கத்துக்குச் செலஸ்டின் வந்தான். பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். கல்லூரியிலிருந்து வந்த சிலர் அவனைப் பார்த்து மிரண்டுபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு எவ்வளவு சங்கடம். கல்லறைத் தோட்ட வாசலில் கிட்டே வந்தான். முன்நெற்றி ஏறியிருந்தது. என் அப்பாவின் நெற்றி.

"என் பேரை வாசிச்சப்ப எல்லாரும் அழுதாங்களாமே" என்றான். கோபம் இல்லை, கேலி மாதிரித்தான். "நீங்க அழுதீங்களாப்பா?"

"நான் வாசிச்சிட்டிருந்தேன்" என்றேன்.

"ஆமா. வாசிக்கிறவங்க அழக்கூடாது" என்றான். அம்மாவின் கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதுதான் கடைசி. பன்னிரண்டு வருஷம். அவன் கூப்பிடவில்லை. அவன்தானே கூப்பிட வேண்டும்?

இந்த ஜூன் மாதம் ஜெசிந்தா போன் செய்தாள். "மாமா" என்றாள். அதற்கு முன்னால் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட வாய்ப்பு இல்லை. "மாமா, அவுங்க போயிட்டாங்க. வகுப்புல நின்னுட்டு இருக்கும்போதே. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். நீங்க வர்றதா இருந்தா எவ்வளவு நேரம்னாலும் வச்சிருக்கோம்."

"அவ்வளவு தூரம் நான் எப்படி வருவது?" என்றேன்.

"கார் அனுப்புறேன் மாமா."

"வேண்டாம்" என்றேன்.

கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். அங்கே போய் நான் என்ன செய்ய முடியும்? யாரையும் தெரியாது. என்னால் ஆகிற காரியம் இங்கே இருந்தது. நவம்பரில் அவன் பெயரை முறைப்படி வாசிக்க வைப்பது. தகப்பன் செய்ய வேண்டியது அதுதானே. அன்று ராத்திரியே ஒரு தாளில் எழுதி வைத்தேன். பெயர், துறை, வகுப்பு, தேதி. இந்தத் தடவை இணைப்பும் இருந்தது, இறப்புச் சான்றிதழ் நகல் வேண்டும் என்று ஜெசிந்தாவுக்கு எழுதிப் போட்டேன். அனுப்பினாள். கூட ஒரு வரி எழுதவில்லை.

அக்டோபரில் அமலனிடம் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தான். அலமாரியிலிருந்து ஏட்டை எடுத்தான். பக்கத்தைத் தேடவில்லை, நேரே திறந்தான்.

"ஏற்கெனவே இருக்கே, சார்."

"அது தெரியும்."

"ஒரு பேரு ஒரு தடவைதானே, சார்."

என் விதியை எனக்கே சொல்கிறான். நான் பொறுமையாகத்தான் பேசினேன். "அதை அடித்துவிட்டு இதை எழுது, அமலா" என்றேன்.

"நான் எப்படி சார் அடிக்கிறது? எழுதினவங்கதான் அடிக்கணும். எழுதுங்க. அன்னைக்கு எழுதினது தப்புன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நானே வாசிக்கிறேன். நல்லா வாசிக்கிறேன்."

பேனாவை எடுத்துக் கொடுத்தான். எழுதினேன், டீச்சர். எழுதாமல் இல்லை. 'கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவன் அதை வெகுநேரம் பார்த்தான். "கவனக்குறைவா, சார்?"

"பின்னே?"

"அந்த வார்த்தையை எடுத்துட்டு எழுதுங்க. அவன் உயிரோட இருக்கும்போது, தெரிஞ்சே எழுதினேன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

ஒரு வார்த்தைக்காக. பாருங்கள், ஒரே ஒரு வார்த்தைக்காக. முப்பத்தொரு வருஷம் அந்தக் கல்லூரியின் தாள்களைக் கண்போலப் பார்த்தவன், தெரிந்தே பொய் எழுதினேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். யாராவது எழுதுவார்களா? பிரின்சிபால் ஃபாதர் ரெஜிஸிடம் போனேன். அவர், "அமலன் கேக்கிறது பெரிய விஷயம் இல்லையே, மிஸ்டர் சந்தியாகு" என்றார். "மனசு கஷ்டமா இருந்தா பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க" என்றார். ஈஸ்டருக்குத்தான் செய்தேன், ஃபாதர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று தடவை அமலனிடம் போனேன். அவன் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு தடவையும் நாற்காலி இழுத்துப் போட்டு, ஏட்டைத் திறந்து, பேனாவை வைப்பான். நான் எழுந்து வந்துவிடுவேன். கூடுகை அன்று காலையில் வாசலில் நின்றிருந்தான். "சார், ஏடு பீடத்துப் பக்கத்துலதான் இருக்கு. பேனாவும் இருக்கு. வாசிக்கிறதுக்கு முன்னால எப்ப வேணும்னாலும் வாங்க" என்றான். நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஜெசிந்தா வந்திருந்தாள். பழைய மாணவி, வரலாம். கூடப் பதினாலு, பதினைந்து வயதில் ஒரு பெண். மதலேனைப் போல மூக்கு. அவர்கள் வகுப்புக்காரர்களோடு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வந்தது எல்லாருக்கும் தெரியும்.

அமலன் வாசித்தான். ஏழு பெயர். எழுபத்தொன்பது வகுப்பு, எண்பத்தாறு வகுப்பு, இப்படி. அவன் வாசிப்பு எனக்குப் பிடிக்காது, வேகம். ஆனால் அன்று நிறுத்தித்தான் வாசித்தான். மெழுகுவர்த்திகள் ஏறின. அப்புறம், "இயற்பியல், தொண்ணூற்றாறு – தொண்ணூற்றொன்பது" என்றான்.

பெயரைச் சொல்லவில்லை.

வகுப்பை மட்டும் சொல்லிவிட்டு நின்றான். தலை நிமிர்ந்து கடைசி வரிசையைப் பார்த்தான். கோயில் அப்படியே அடங்கிவிட்டது. மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் நடந்து போனால் இருபது எட்டு. பேனாவை எடுத்து எழுத அரை நிமிடம். எல்லாரும் காத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஃபாதர் கூட அவசரப்படவில்லை.

முதலில் ஜெசிந்தா எழுந்தாள். பிறகு அந்தப் பெண். பிறகு வகுப்பு முழுக்க. பதினாறு பேர். பிறகு முன்னால் இருந்த எழுபத்தொன்பதுக்காரர்கள், அந்தக் கிழவர்கள், அவர்களுக்கு இவனைத் தெரியவே தெரியாது, அவர்களும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வரிசை வரிசையாக எழுந்துவிட்டார்கள். எல்லார் முதுகும்தான் தெரிந்தது. பீடம் தெரியவில்லை. உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான்.

எழுந்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். பெயர் வரட்டும் என்று இருந்தேன். பெயர் வராமல் எப்படி எழுந்து நிற்பது? பெயர் வாசித்தால்தான் எழுந்து நிற்க வேண்டும். அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அப்புறம் உட்கார்ந்தார்கள். அமலன் அடுத்த வகுப்புக்குப் போனான்.

திருப்பலி முடிந்து வெளியே தூணோரமாக நின்றுகொண்டிருந்தேன். ஜெசிந்தா அந்தப் பெண்ணோடு என்னிடம் வந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். தலை நரைத்திருந்தாள். "மாமா, சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்புறோம். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். பெண்ணின் தோளில் கை வைத்து ஒரு அடி முன்னால் நகர்த்தினாள். அது என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஏதாவது கேட்பேன் என்று நினைத்தது போல. பெயர் என்ன என்று கேட்டிருக்கலாம். எனக்கு இன்றுவரை அதன் பெயர் தெரியாது.

நான், "இந்தப் பிள்ளை நம்ம கல்லூரி மாணவி இல்லையே, எழுந்து நிற்கலாமா? அதுவும் பெயர் வாசிக்காமல் நிற்பது முறை இல்லை, அமலனிடம் சொல்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. "சரி மாமா, சொல்றேன்" என்றாள். பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.